பெண்ணையாற்றுப் பிரபு: கோப்பெருஞ்சிங்கனும் காடவர் குடும்பமும்



அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு வருகிறவர் நிறுவியவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குவது மரபு. அந்த மரபுக்கு இந்தப் பகுதியில் வயது அதிகம். 1879இல் பாகூரில் ஒரு செப்பேட்டுத் தொகுதி கிடைத்தது. பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில் எழுதியது. பாகூரில் இருந்த ஒரு வித்தியாஸ்தானத்துக்கு, கல்லூரி என்றே வைத்துக்கொள்ளுங்கள், மூன்று ஊர்களின் வருவாயை விட்டுக்கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. செட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி. அரசனின் ஆணைதான். ஆனால் அரசனிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தவன் நிலைதாங்கி என்ற ஒரு தலைவன். அரசனுக்குக் கீழே, ஊருக்கு மேலே, நடுவில் இருந்தவன். அப்படி நடுவில் இருந்த ஒரு குடும்பத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். நடுவில் இருப்பவர்கள் எப்போதும் கல்லூரிக்கு ஊர் வாங்கிக் கொடுப்பதில்லை. சில சமயம் மேலே இருப்பவரைப் பிடித்துச் சிறையிலும் போடுவார்கள்.

புதுச்சேரி அவைக்கு இதை விளக்குவது எளிது. இங்கே பிரெஞ்சுப் பள்ளியான லிசேயில் படித்தவர்களுக்கு இடைக்கால ஐரோப்பியப் பிரபுக்களின் கதை பள்ளிப் பாடம். பூர்கோஞ் நாட்டு டியூக்குகளை, ஆங்கிலவழியில் படித்தவர்கள் பர்கண்டி என்பார்கள், வரிசையாகச் சொல்வார்கள். 1356இல் புவாத்தியே போர்க்களத்தில் தந்தை பக்கத்தில் நின்று போரிட்ட பதினான்கு வயதுப் பையன் பிலிப். தந்தை பிரான்சின் மன்னர் ழான். அந்தப் பையனுக்குத்தான் 1363இல் பூர்கோஞ் கிடைத்தது. துணிச்சல்கார பிலிப் என்று பெயர். அவர் மகன் அஞ்சாத ழான். 1419இல் மோந்த்ரோ பாலத்தில், சமாதானம் பேச வந்த இடத்தில், வெட்டிக் கொல்லப்பட்டவர். அவர் மகன் நல்ல பிலிப். அவர் மகன் ஷார்ல், துடுக்குக்காரர். நாலே தலைமுறை, 114 ஆண்டு. பிரான்சு மன்னருக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று பேர். ஆனால் மன்னரைவிடப் பணக்காரர்கள், மன்னரைவிடப் பகட்டானவர்கள்.

1468 அக்டோபரில் மன்னர் பதினோராம் லூயி, ஷார்லுடன் பேச்சுவார்த்தை நடத்தப் பெரோன் கோட்டைக்கு வந்தார். பாதுகாப்பு உறுதிக் கடிதம் கையில் இருந்தது. வந்த நேரத்தில் லியேழ் நகரத்தில் கலகம் என்று செய்தி. தூண்டிவிட்டது மன்னரின் ஆட்கள் என்றும் செய்தி. ஷார்ல் கோட்டைக் கதவுகளைச் சாத்தச் சொன்னார். கேட்டதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டு, தான் தூண்டிய கலகத்தை அடக்கும் படையில் தானே கூடப்போய் நின்ற பிறகுதான் மன்னருக்கு விடுதலை. ஐரோப்பிய வரலாற்றில் மிகச் சுவையான அவமானங்களில் ஒன்று இது.

இதற்கு 237 ஆண்டு முன்னால், 1231 வாக்கில், இன்றைய உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துச் சேந்தமங்கலத்தில் இதே காரியம் நடந்தது. அடைபட்டவன் சோழப் பேரரசன் மூன்றாம் இராசராசன். அடைத்தவன் காடவர் குடும்பத்துக் கோப்பெருஞ்சிங்கன். லூயியின் அவமானம் நம்மில் பலருக்குத் தெரிந்த அளவுக்கு இராசராசனின் அவமானம் தெரியாது. தஞ்சைப் பெரிய கோயிலோடு சோழர் கதையை முடித்துக்கொள்ளப் பழகிவிட்டோம். முதலாம் இராசராசனுக்கு எடுக்கும் விழாவில் பத்தில் ஒரு பங்கு அக்கறை மூன்றாம் இராசராசன்மேல் காட்டினால், ஒரு பேரரசு எப்படி அவிழ்கிறது என்று புரியும்.

யார் இந்தக் காடவர்? திருமுனைப்பாடி நாட்டில், கெடிலத்துக்கும் பெண்ணைக்கும் இடைப்பட்ட மண்ணில் வேர்விட்ட குடும்பம். கூடல் அவர்கள் ஊர் என்று கல்வெட்டுகள் சொல்கின்றன. அப்பரும் சுந்தரரும் பிறந்த நாடு அது. சுந்தரரை எடுத்து வளர்த்த நரசிங்க முனையரையர் ஆண்ட நாடு. ஆகவே அங்கே சிங்கன் என்ற பெயரும் புதிதில்லை, சிவன் கோயிலுக்குச் செய்வதும் புதிதில்லை. தங்களைப் பல்லவர் வழி என்று காடவர்கள் சொல்லிக்கொண்டார்கள். காஞ்சிப் பல்லவர் அரசு ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியோடு முடிந்துவிட்டது. இருநூறு முந்நூறு ஆண்டு கழித்து ஒரு குடும்பம் எழுந்து அந்தப் பெயரை எடுத்துக்கொள்கிறது என்றால், அதை இரத்தத்தின் சான்றாகப் படிப்பதைவிட ஆசையின் சான்றாகப் படிப்பதே நல்லது என்பது என் கருத்து. பூர்கோஞ் டியூக்குகளும் தங்கள் நாட்டுப் பழைய அரசுகளின் நினைவை இப்படித்தான் தோண்டி எடுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

விருத்தாசலத்தில் சக ஆண்டு 1108, அதாவது 1186ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு இந்தக் குடும்பத்தை வளந்தனார் என்பவரிலிருந்து வீரசேகரன் வரை அடுக்கிச் சொல்கிறது. இடையில் வரும் பெயர்களைக் கேளுங்கள். ஒருவர் ஆட்கொல்லி. இன்னொருவர் ஏழிசைமோகன். வேறொருவர் அரசநாராயணன் கச்சிராயன். ஆளைக் கொல்கிறவனும் ஏழு சுரத்தில் மயங்குகிறவனும் ஒரே வீட்டில். துணிச்சல்காரர், அஞ்சாதவர், நல்லவர் என்ற பிரெஞ்சுப் பட்டங்களைவிட இவற்றில் சாரம் அதிகம்.

இந்தப் பெயர்களுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் பெயரைக் கவனித்தால் குடும்பத்தின் நிலை தெரியும். ஆட்கொல்லியின் முழுப்பெயரில் குலோத்துங்க சோழன் இருக்கிறான். குலோத்துங்க சோழக் காடவராதித்தன். மேலாளும் அரசனின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொள்வது அன்றைய சோழ அதிகாரிகள் எல்லாரும் செய்ததுதான். திருவதிகையிலும் திருப்பாதிரிப்புலியூரிலும் விருத்தாசலத்திலும் அவர்கள் செய்த திருப்பணிகள் எல்லாம் சோழ அரசனின் ஆட்சியாண்டைப் போட்டுத்தான் வெட்டப்பட்டன. கோயில் கட்டிய கை காடவர் கை, தலைப்பில் இருப்பது சோழன் ஆண்டு. கல்வெட்டின் முதல் வரியில் யாருடைய ஆட்சியாண்டு போடுகிறோம் என்பதில்தான் அன்றைக்கு விசுவாசம் இருந்தது. அந்த வரியை மாற்ற இந்தக் குடும்பத்துக்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நடுநாடு முழுவதும் இப்படிப்பட்ட குடும்பங்கள் தலையெடுத்தன. கிளியூர் மலையமான், ஆறகழூர் வாணகோவரையர், செங்கேணிச் சம்புவராயர், அதியமான் பெயர் சொன்னவர்கள். இவர்கள் தங்களுக்குள் உடன்படிக்கை எழுதிக் கோயில் சுவரிலேயே பொறித்துக்கொண்டார்கள். உன் பகைவன் எனக்கும் பகைவன், உனக்குத் தெரியாமல் இன்னாருடன் சேரமாட்டேன் என்கிற மாதிரி. நிலைமைத் தீட்டு என்பார்கள். மூன்றாம் குலோத்துங்கன் போன்ற வலுவான அரசன் உட்கார்ந்திருக்கும்போதே இப்படி. அவன் போன பிறகு கேட்கவே வேண்டாம்.

1216இல் மூன்றாம் இராசராசன் பட்டத்துக்கு வந்தான். மூன்று நாலு ஆண்டில் முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். பிறகு முடியைத் திருப்பிக் கொடுத்தான், சோணாடு வழங்கியவன் என்ற பட்டத்தை வாங்கிக்கொண்டு. அதாவது சோழன் இப்போது பாண்டியன் தயவில் இருந்தான். இன்னொரு பக்கம் துவாரசமுத்திரத்து ஹொய்சளர் தயவிலும் இருந்தான். சில ஆண்டு கழித்துப் பாண்டியனை எதிர்த்துப் பார்த்து மறுபடி தோற்றபோதுதான் சேந்தமங்கலம் நடந்தது.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகவேண்டும். ஏனென்றால் ஒரே சம்பவத்துக்கு மூன்று சாட்சிகள் இருக்கிறார்கள், மூவரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்.

முதல் சாட்சி பழைய வடஆர்க்காட்டு வயலூரில் உள்ள தமிழ்ப்பாட்டுக் கல்வெட்டு. கோப்பெருஞ்சிங்கன் பக்கத்துச் சாட்சி. தெள்ளாற்றுப் போரில் சோழனை வென்று, அவன் அரசச் சின்னங்களை எல்லாம் கவர்ந்து, அமைச்சர்களோடு சேர்த்துச் சிறையில் வைத்து, சோழநாட்டைக் கைக்கொண்டான் என்பது அதன் சாரம். வெட்கமோ தயக்கமோ கிடையாது. தெள்ளாறு வந்தவாசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் வென்று தெள்ளாறெறிந்தவன் என்று பெயர் வாங்கிய அதே களம். பல்லவர் வாரிசு என்று சொல்லிக்கொள்கிற ஒருவனுக்கு அந்த இடத்தில் வெற்றி கிடைத்தால் பாட்டுக்கட்டாமல் இருப்பானா? (1760இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இங்கிலீஷ்காரர்களிடம் தோற்றதும் வந்தவாசியில்தான். அதற்கடுத்த ஆண்டு சனவரியில் புதுச்சேரி விழுந்தது. இந்த ஊரின் தலையெழுத்து அந்தப் பக்கத்து வயல்வெளிகளில் எழுதப்பட்டதை நீங்கள் அறிவீர்கள்.)

இரண்டாவது சாட்சி நமக்கு மிக அருகில், கடலூர்த் திருவந்திபுரம் தேவநாயகப் பெருமாள் கோயிலில். மூன்றாம் இராசராசனின் ஆட்சியாண்டு போட்ட கல்வெட்டு. ஆனால் பேசுவது ஹொய்சளர் குரல். கோப்பெருஞ்சிங்கன் சோழச் சக்கரவர்த்தியைச் சேந்தமங்கலத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, தன் படையைவிட்டு நாட்டை அழித்தான், தேவாலயங்களையும் விஷ்ணுத் தலங்களையும் அழித்தான் என்று ஹொய்சள அரசன் வீரநரசிம்மன் கேள்விப்படுகிறான். சோழமண்டலத்தை நிலைநிறுத்தியவன் என்ற பேரைக் காப்பாற்றினாலொழிய இந்தக் காளம் ஊதப்படாது என்று சபதம் செய்கிறான். துவாரசமுத்திரத்திலிருந்து புறப்பட்டு, வழியில் மகதராச்சியத்தை ஒழித்து, பாச்சூரில் தங்கி, அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்ற இரண்டு தளபதிகளை அனுப்புகிறான்.

அதன் பிறகு வருவது ஒரு போர்ப்பயணத்தின் நாட்குறிப்பு. பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகளில் இப்படி ஊர் ஊராகச் சொல்வது அபூர்வம். கோப்பெருஞ்சிங்கன் இருந்த எள்ளேரியும் கல்லியூர்மூலையும், அவன் பக்கத்துச் சோழகோன் இருந்த தொழுதகையூரும் அழிந்தன. ஈழத்துப் பராக்கிரமபாகு என்ற பெயருடைய ஒருவன் உட்பட எதிர்ப்பக்கத்துத் தலைவர்கள் கொல்லப்பட்டார்கள், குதிரைகள் பிடிபட்டன. தளபதிகள் சிதம்பரம் போய்ப் பொன்னம்பலத்தைத் தொழுதார்கள். தொழுதுவிட்டு எரிப்பைத் தொடர்ந்தார்கள். தொண்டைமானல்லூர் அழிந்தது. காட்டை வெட்டினார்கள். திருப்பாதிரிப்புலியூரில் பாளையமிறங்கித் திருவதிகையையும் திருவெக்கரையையும் அழித்தார்கள். திருவெக்கரை என்பது கல்மரங்கள் இருக்கும் நம் திருவக்கரை என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கடல்வரை எரித்தார்கள், பெண்களைப் பிடித்தார்கள். சேந்தமங்கலத்தை முற்றுகையிடப்போகும் நேரத்தில் கோப்பெருஞ்சிங்கன் பயந்து, சோழனை விட்டுவிடுகிறேன் என்று விண்ணப்பம் அனுப்பினான். நரசிம்மன் சம்மதித்தான். சோழன் வெளியே வந்து தன் நாட்டுக்குள் போனான்.

மூன்றாவது சாட்சி வடமொழியில் எழுதிய கத்ய கர்ணாமிர்தம் என்ற உரைநடை நூல். அதுவும் ஹொய்சளர் அரண்மனையில் பிறந்ததுதான். பாண்டியனிடம் தோற்ற சோழன் தன் நண்பனிடம் அடைக்கலம் தேடிப் போகும் வழியில் காடவன் குறுக்கே வந்து பிடித்துக்கொண்டு போனான் என்கிறது. சேந்தமங்கலம் அங்கே ஜயந்தமங்கலம் ஆகிவிடுகிறது. தெள்ளாற்றுப் போர்க்களம் வழிப்பறியாகிவிடுகிறது.

இந்த மூன்றையும் கலந்து ஒரு சராசரிக் கதை எழுதும் பழக்கம் நம் பாடநூல்களில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரோன் விஷயத்தில் நாம் கோமீனின் நினைவுக் குறிப்பை நம்புகிறோம். அவர் அன்று ஷார்லின் அருகில் இருந்தவர்; 1472இல் கட்சி மாறி லூயியிடம் போய்ச் சேர்ந்தவர்; இரண்டு எசமானரையும் பார்த்துவிட்டு எழுதியவர். நம் மூன்று சாட்சிகளில் ஒருவர்கூடக் கட்சி மாறியவர் இல்லை. ஒவ்வொருவரும் படியளந்தவர் பக்கம் நின்று பேசுகிறார்கள். ஆகவே எந்தக் கல்வெட்டு உண்மை என்று கேட்பதைவிட, எதை எந்தக் கல்வெட்டு சொல்லாமல் விடுகிறது என்று கேட்பது பலன் தரும். வயலூர் விடுதலையைப் பற்றிப் பேசவில்லை. திருவந்திபுரம், சோழன் எப்படிச் சிறைக்குள் போனான் என்று சொல்லவில்லை. போனது தெரிந்ததும் கதையைத் தொடங்குகிறது. அதைவிட முக்கியமானது: அத்தனை ஊரை எரித்த ஹொய்சளர் கோப்பெருஞ்சிங்கனைக் கொன்றதாகவோ, பதவியிலிருந்து இறக்கியதாகவோ, கோட்டையை இடித்ததாகவோ ஒரு சொல் இல்லை. சோழனை விட்டுவிட்டான், அவ்வளவுதான். அவன் தன் நாட்டிலேயே இருந்தான்.

அங்கேதான் என் வாதம் இருக்கிறது. கோப்பெருஞ்சிங்கனைச் சோழப்பற்றாளர்கள் துரோகி என்கிறார்கள். வட்டாரப் பெருமை பேசுகிறவர்கள் மாவீரன் என்கிறார்கள். இரண்டு பேரும் பேரரசின் சிம்மாசனத்திலிருந்தே அவனைப் பார்க்கிறார்கள். அவன் ஒரு ஆற்றுப் படுகையின் பிரபு. தன் பட்டங்களில் ஒன்றாக அவன் குடும்பம் வைத்துக்கொண்டது பெண்ணை நதியின் நாதன் என்பது. அந்தப் படுகைக்கு வடக்கே காஞ்சி, தெற்கே தஞ்சை, மேற்கே ஹொய்சளர், தஞ்சைக்கும் தெற்கே பாண்டியர். நாலு யானைகள் நடுவே கரும்புத் தோட்டம் வைத்தவன் நிலைமை. விசுவாசமாக இருப்பது என்றால் எந்த யானைக்கு?

குடும்பம் தன் முதல் வரியை மாற்றியது 1243இல். அந்த ஆண்டு முதல் கணக்கிட்டு, கோப்பெருஞ்சிங்கனின் சொந்த ஆட்சியாண்டுகளோடு கல்வெட்டுகள் வரத் தொடங்குகின்றன. சகலபுவனச் சக்கரவர்த்தி என்ற பட்டம் பக்கத்தில். சோழரும் பாண்டியரும் வைத்துக்கொண்ட திரிபுவனச் சக்கரவர்த்திக்கு மேலே ஒரு படி ஏற்றிப் போட்டது என்றே நினைக்கிறேன். மூன்று உலகம் போதாது, எல்லா உலகமும். 1231இல் சோழனைப் பிடித்தவனும் 1243இல் ஆட்சியாண்டு தொடங்கியவனும் ஒரே ஆளா, தந்தையும் மகனுமா என்று கல்வெட்டறிஞர்கள் நெடுநாள் சண்டையிட்டார்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் பன்னிரண்டாம் தொகுதியைப் பதிப்பித்த வெங்கடசுப்பையர் இரண்டு பேர் என்றார். பெரும்பாலோர் இன்று அதையே ஏற்கிறார்கள், நானும். தந்தை சீயமகீபதி, மணவாளப்பெருமாள் என்றும் அழைக்கப்பட்டவர்; சேந்தமங்கலத்தை வலுப்படுத்தி வாணிலைகண்டீச்சரம் என்ற கோயிலை அங்கே எடுத்தவர். இன்றைய ஆபத்சகாயேசுவரர் கோயில் அதுதான். மகன் அவனியாளப்பிறந்தான். பிறக்கும்போதே உலகை ஆளப் பிறந்தவன் என்று பேர் வைக்கும் குடும்பத்தில், அப்பாவின் கணக்கு எவ்வளவு நீளம் என்று பாருங்கள்.

மகனின் தாய் பெயர் சீலவதி. இந்தக் குடும்பத்தின் பெண்களைப் பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிற பெயர் அநேகமாக இது ஒன்றுதான். இதைச் சொல்லும்போது பாகூர்ச் செப்பேடு நினைவுக்கு வருகிறது. அதில் நந்திவர்மனின் அரசி, இராட்டிரகூடக் குலத்துச் சங்கா, நிருபதுங்கனின் தாயாகப் பேர் சொல்லிப் பாடப்படுகிறாள். நானூறு ஆண்டு கழித்துக் காடவர் காலத்துக் கல்வெட்டுகளில் பெண்கள் மொத்தமாக வருகிறார்கள், பேரில்லாமல், கொள்ளைப் பொருளாக. மகதநாட்டுத் தலைவனின் பெண்களை ஹொய்சளர் பிடித்தார்கள். காடவநாட்டுப் பெண்களை ஹொய்சளர் பிடித்தார்கள். பிறகு பெரம்பலூரில் கேசவன், அரிகரன் முதலிய ஹொய்சளத் தண்டநாயகர்களைக் கொன்ற கோப்பெருஞ்சிங்கன் அவர்கள் பெண்களையும் பண்டாரத்தையும் பிடித்தான். அந்தப் பாவம் தீர விருத்தாசலத்து இறைவனுக்கு அவனியாளப்பிறந்தான் என்று தன் பேரையே சூட்டிய மணிபதித்த நெற்றிப்பட்டம் ஒன்றைக் கொடுத்தான். கொன்றதற்குப் பரிகாரம் கல்லில் இருக்கிறது. பிடித்த பெண்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு அந்தச் சுவரில் இடமில்லை.

பூர்கோஞ்சில் இது தலைகீழ். அங்கே குடும்பத்தின் நிலம் பெண்கள் வழியாக வந்தது. துணிச்சல்கார பிலிப் பிளாந்தர் நாட்டு மார்கரீத்தைக் கட்டியதால்தான் பிளாந்தர் வந்தது. நல்ல பிலிப் போர்த்துக்கல் இளவரசி இசபெல்லை மணம் பேசியபோது அவள் முகத்தை வரைந்து வர யான் வான் ஐக் என்ற ஓவியனையே அனுப்பினார். நம் ஊரில் சீலவதிக்கு ஓவியம் வேண்டாம், எந்த ஊர்ப் பெண் என்றாவது சொல்லியிருக்கலாம்.

சரி, இசை, கூத்து, கோபுரம். ஏழிசைமோகனின் வம்சத்தில் வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. பரதக் கலையில் வல்லவன், இலக்கியக் கடல் என்ற பொருள்படும் பட்டங்களைக் கோப்பெருஞ்சிங்கன் வைத்துக்கொண்டான். தில்லைப் பொன்னம்பலத்தின் எல்லாக் காரியங்களையும் எக்காலமும் நடத்துகிறவன் என்பது இன்னொரு பட்டம். சிதம்பரத்தின் தெற்குக் கோபுரத்துக்குச் சொக்கச்சீயன் திருநிலை எழுகோபுரம் என்று பேர். அதற்காகச் செங்கல்பட்டுப் பக்கத்து ஆத்தூரின் வருவாயை ஒதுக்கிய ஆணை கல்வெட்டாக இருக்கிறது. கிழக்குக் கோபுரத்தைத் தான் வென்ற அரசர்களின் செல்வத்தால் எடுத்ததாக ஆந்திரத்துத் திரிபுராந்தகத்தில் உள்ள வடமொழிக் கல்வெட்டு பேசுகிறது. அந்தக் கிழக்குக் கோபுர வாயிலின் இரு சுவர்களிலும் நூற்றெட்டுக் கரணங்கள், பரத சாத்திரத்துச் சுலோகங்களோடு, அடுக்கடுக்காக இருக்கின்றன. அப்பன் பேரரசனைப் பிடித்தான். பிள்ளை ஆடற்கலை அகராதியைக் கல்லில் வெட்டினான். இன்று உலகம் முழுவதும் பரதநாட்டியம் படிக்கும் பெண்கள் அந்தச் சுவரைப் பார்க்க வருகிறார்கள். திருவதிகையைக் கொளுத்தியவர்களும் கொளுத்தப்பட்டவர்களும் ஒரே பொன்னம்பலத்தைக் கும்பிட்டார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். சிதம்பரம் எல்லாக் கட்சிக்கும் பொதுவான மேடை. அங்கே கோபுரம் எடுப்பது என்பது நாலு யானைகளும் தரிசனத்துக்கு வரும் வாசலில் தன் பேரை எழுதி வைப்பது.

இந்த வேலைகளை எல்லாம் ஓடியாடிச் செய்தவர் பெருமாள்பிள்ளையான சோழகோனார் என்ற அதிகாரி. சிதம்பரத்துக் கல்வெட்டுகளில் நந்தவனம், திருவிளக்கு, திருமாலை என்று நிலம் ஒதுக்கும் ஓலைகள் அவர் பேரில் வருகின்றன. அவர் தம்பி வேணாடுடையானும் அதே அலுவலில். அண்ணன் தம்பி இருவரும் ஒரே துறையில் இருப்பது நமக்குப் புதிதா என்ன?

1250களில் புதிய யானை வந்தது. சடையவர்மன் சுந்தரபாண்டியன். அவன் மெய்க்கீர்த்தி சேந்தமங்கல முற்றுகையைச் சொல்கிறது: கோட்டையை வளைத்து, பல்லவனை நடுங்கவைத்து, யானையும் குதிரையும் பொருளும் கைப்பற்றி, பிறகு அவன் நாட்டை அவனுக்கே திருப்பிக் கொடுத்தான். கவனியுங்கள், மறுபடியும் திருப்பிக் கொடுத்தல். கோயில் பொன்வேய்ந்த பெருமாள் என்று அந்தப் பாண்டியன் பேர் வாங்கியது சிதம்பரத்திலும்தான். கோப்பெருஞ்சிங்கன் கோபுரம் கட்டினான், அவனைத் தோற்கடித்தவன் கூரைக்குப் பொன் போட்டான். 1262இல் கோப்பெருஞ்சிங்கனைக் கோதாவரிக் கரையில் திராட்சாராமத்தில் பார்க்கிறோம், தானம் கொடுத்துக்கொண்டு, பட்டங்களை அடுக்கிக்கொண்டு. பெண்ணைக்கரைப் பிரபு அத்தனை தூரம் வடக்கே போனான் என்றால், தோற்றும் அவன் ஓய்ந்தவனில்லை.

அவன் கடைசிக் கல்வெட்டு முப்பத்தாறாம் ஆட்சியாண்டு, 1279. சோழ வம்சத்துக் கடைசி அரசன் மூன்றாம் இராசேந்திரன் கல்வெட்டுகளிலும் கடைசியாகத் தென்படும் ஆண்டு 1279. ஒரே ஆண்டு. அரை நூற்றாண்டு முன்னால் யாரை யார் சிறையில் வைத்தார்களோ, அந்த இரண்டு வீடும் ஒரே நேரத்தில் கல்லிலிருந்து மறைகின்றன. அதன் பிறகு இங்கெல்லாம் மாறவர்மன் குலசேகர பாண்டியனின் ஆட்சியாண்டுதான்.

இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. காடவரின் பிழைப்பு முழுவதும் பலமில்லாத ஒரு பேரரசன் அருகில் இருப்பதை நம்பி இருந்தது. சோழன் இருக்கும்வரை பாண்டியனுக்கும் ஹொய்சளனுக்கும் நடுவில் ஒரு ஆள் தேவை. சோழனைப் பிடித்துவைக்கலாம், விட்டுவிடலாம், அவன் பகைவனோடு சேரலாம், பிறகு மாறலாம். எல்லாவற்றுக்கும் விலை உண்டு. ஒரே பாண்டியன் மதுரையிலிருந்து நெல்லூர்வரை ஆளத் தொடங்கியதும் நடுவில் இருப்பவனுக்கு வேலை போய்விட்டது. ஹொய்சளர் எரித்தும் பாண்டியர் முற்றுகையிட்டும் போகாத குடும்பம் அப்படித்தான் போனது. ஷார்ல் 1477 சனவரியில் நான்சி போரில் செத்தார். பனியில் கிடந்த உடலைப் பிறகுதான் கண்டெடுத்தார்கள். மகன் இல்லை. ஆனால் மகள் மாரி இருந்தாள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஆப்சுபர்க் மாக்சிமிலியனைக் கட்டிக்கொண்டு பிளாந்தரையும் நெதர்லாந்துப் பகுதிகளையும் தன்னோடு எடுத்துக்கொண்டு போனாள். பூர்கோஞ் மட்டும் லூயியிடம் போயிற்று. கோப்பெருஞ்சிங்கனுக்கு ஒரு மாரி இருந்திருக்கலாம். இருந்தாலும் நம் கோயில் சுவர்கள் அவளைப் பெயர்சொல்லி எழுதியிருக்காது. கச்சிராயர் என்ற பட்டம் மட்டும் விருத்தாசலம் பக்கம் முகாசாபரூர்ப் பாளையக்காரர் வீட்டில் பல நூற்றாண்டு தாண்டியும் வழங்கிவந்தது.